அன்னபுஷ்பம் அக்காவின் பன்னிரண்டு நாள் ஒடுக்கம்

“அதுல இன்னா எழுதிக்கீதோ அத்த அப்டியே சொல்லு மதி. நீயா எதையும் சேக்காத, எதையும் வுட்டுடாத” என்றார் அன்னபுஷ்பம் அக்கா.

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த பம்பு உதிரிபாகக் கம்பெனியின் சைக்கிள் கொட்டகையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்த பேச்சு அது. 1991, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. நான் ஆபீசில் டைப்பிஸ்ட். அவர் இன்ஸ்பெக்‌ஷன் பகுதியில், லேத்திலிருந்து கடைந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிறவர். என் கையில் ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையின் பக்கம் இருந்தது. ஆபீசுக்கு வருகிறவர்கள் புரட்டுவதற்காகப் போட்டுவைத்திருக்கும் பழைய பத்திரிகைகளில் அகப்பட்டது. சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி என்று யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். வீட்டில் அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழில் குறித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“டயர்ல காத்து கல்லு மாதிரி இருக்கணுமாம்” என்றேன்.

“அது கீது. அப்பறம்?”

“முதல் நாள் புதுசா எதையும் சாப்பிடக் கூடாதாம். வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடணுமாம்.”

“நம்ம வூட்ல புதுசா இன்னா கீது சாப்ட? அப்பறம்?”

“மேடு ஏறும்போது எழுந்து நின்னு மிதிக்கலாமாம்.”

“பின்னாடி ஒரு ஆள குந்த வெச்சிகினு எழுந்து நின்னு மிதிக்கச் சொல்லு அந்தத் தொரைய. அப்பறம்?”

அடுத்த வரி கடைசி இரண்டு வாரங்களைப் பற்றியது. அதில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

“கடைசி ரெண்டு வாரம் ஒடுங்கணும்னு போட்டிருக்கு அக்கா.”

“ஒடுங்கணுமா? அப்டின்னா?”

“அகராதியில அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, மெழுகுவத்தி. இன்னொண்ணு, ஒடுங்கு.”

அக்கா டிபன் டப்பாவைக் கழுவுவதை நிறுத்தினார்.

“மெழுகுவத்தி. ஒடுக்கம். கோயில் சமாச்சாரமா இல்ல கீது!” என்றார். “எங்க பங்குல தவக்காலத்துல மூணு நாள் ஒடுக்கம் வெப்பாங்க. பேசக் கூடாது, வேல செய்யக் கூடாது. சும்மா குந்திகினு ஜெபம் பண்ணணும். மூணாம் நாளு வெளிய வரும்போது ஒடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும். அத்தத்தான் சொல்றாரு தொர.”

“அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

“அப்போ ரெண்டு வாரமும் சைக்கிளையே தொடக் கூடாதா?”

“ஒடுங்கறதுன்னா அப்படித்தானே அக்கா?”

“சரி, நாளையிலேர்ந்து ஒடுக்கம்” என்று டப்பாவை உதறி மூடினார்.

சைக்கிளைத் தொடாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிறந்த ஊர் செம்பரம்பாக்கம். ஏரிக்கரைமேல் அப்பாவின் சைக்கிளைக் கம்பிக்குக் கீழே கால்விட்டு ஓட்டிப் பழகியவர். தாவீது அண்ணனைக் கட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு வந்தார். எங்கள் தெருவில் எங்களுக்கு மூன்றாவது வீடு. அண்ணன் அதே கம்பெனியில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவர். வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஒன்பது கிலோமீட்டர். அவர்களிடம் இருந்தது ஒரே சைக்கிள், குறுக்குக் கம்பி வைத்த கறுப்பு ஆண்கள் சைக்கிள். அதை அக்கா மிதிப்பார். அண்ணன் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவார்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அண்ணனின் பாதத்தில் இரும்புத் தடி ஒன்று விழுந்துவிட்டது. மூன்று மாதம் அவரால் பெடலை அழுத்த முடியவில்லை. அப்போது அக்கா முன்னால் ஏறியவர்தான். கால் ஆறியது, இடம் மட்டும் மாறவில்லை. அண்ணன் இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் முதுகில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவார். குழியில் சக்கரம் இறங்கினால்தான் விழிப்பார். வாட்ச்மேன் பரசுராமன் தினமும் கேட்டில் கேட்பார்:

“இன்னா தாவீது, டிக்கெட் எடுத்தியா?”

“பாஸ் வெச்சிக்கீறேன்பா” என்பார் அண்ணன்.

“பொண்டாட்டிய மிதிக்க வுட்டுட்டு வரியே, வெக்கமா இல்ல?”

“டிரைவர் நல்லா ஓட்டுது. பாசஞ்சர் இன்னாத்துக்கு வெக்கப்படணும்?”

அக்காவிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வார். “அவரு மிதிச்சா பள்ளத்த தேடித் தேடி எறக்குவாரு. என் இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்?”

ஆறு வருஷமாக ஒரு முழு ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு, போக ஒன்பது, வர ஒன்பது. ஒரகடத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் சாலை ஏறும் இடம் ஒன்று உண்டு. தனியாக வருகிற ஆண்களே அங்கே இறங்கித் தள்ளுவார்கள். அக்கா ஒரு நாளும் இறங்கியதில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. மற்றவர்கள் சொன்னால், “எறங்கினா இந்த ஆளு முழிச்சிக்குவாரு, அப்பறம் பேசிகினே வருவாரு” என்பார்.

அந்த ஆகஸ்டில் கம்பெனிக்குப் புது மிஷின் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் அதில் முதல் ஷிஃப்ட், காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். அக்காவுக்கு ஜெனரல் ஷிஃப்ட், எட்டு மணி. அவர்களுடைய மகள் ஜெர்சிக்கு ஏழு வயது. அவளை எழுப்பிக் குளிப்பாட்டி, ஏழு மணிக்கு சிஸ்டர்கள் பள்ளிக்கூடக் கேட்டைத் திறந்ததும் உள்ளே விட்டுவிட்டுத்தான் அக்கா கிளம்ப முடியும். அதனால் விடியற்காலையில் அண்ணனோடு சேர்ந்து போக வழியில்லை. எங்கள் ஊருக்கு வரும் பஸ் ஒரகடம் போய்ச் சேர எட்டே முக்கால் ஆகிவிடும். எனக்கு ஆபீஸ் ஒன்பதரைக்கு என்பதால் அது போதும். எட்டு மணிக்காரர்களுக்குக் கேட் எட்டுப் பத்துக்கு மூடிவிடும். இன்னொரு சைக்கிள் வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை.

இந்தக் கவலையில் அவர்கள் இருந்தபோதுதான் கம்பெனி ஓர் அறிவிப்புப் போட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களுக்கு சைக்கிள் பந்தயம். பெண்களுக்குத் தனியாக, கம்பெனி கேட்டிலிருந்து வல்லக்கோட்டை திருப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வரை விடலாம் என்றுதான் முதலில் பேச்சு. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் கூட்டம் சேர்க்கத் தயங்கி வல்லக்கோட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண்களில் முதலாவதாக வருகிறவருக்குப் பரிசு, புது லேடீஸ் சைக்கிள்.

அறிவிப்பை இரண்டு மொழியிலும் டைப் செய்தவள் நான். பலகையில் ஒட்டுவதற்கு முன்பே அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸ் விஷயத்தை முன்கூட்டி ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா பரிசு என்ன என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஜெயிச்சா வேல. தோத்தா வூடு.”

அந்த வேலை அவருக்கு எப்படிப்பட்டது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அளவுக் கருவியை வைப்பதற்கு முன்பே, சாமானைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, “இது போவாது” என்று தனியே வைப்பார். பிறகு அளந்தால் அது போகாததாகத்தான் இருக்கும். கடைந்தவர் தன் புருஷனாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். “வூட்டுக்குப் போய் பேசிக்கலாம், மொதல்ல இத்த சரி பண்ணு” என்பார்.

பந்தயத்துக்காக அக்கா ஆறு வாரம் பழகினார். சாயங்காலம் அண்ணனை வீட்டில் இறக்கிவிட்டு, தனியாகப் படப்பை வரை போய்த் திரும்பி வருவார். பின்னால் ஆள் இல்லாத சைக்கிள் அவருக்குக் காற்றில் பறக்கிற மாதிரி இருந்ததாம். ஜெர்சி எங்கள் வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா கிளம்பும்போதும் திரும்பும்போதும் எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பாள். முதல் வாரம் நாற்பது நிமிஷம். ஆறாவது வாரம் முப்பத்தொன்று. அந்த நேரத்தில்தான் நான் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒடுக்கம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. பூசை முடிந்து மாதா சிலை வைத்த கெபியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் காலை கணவனும் மனைவியும் இடம் மாறிக்கொண்டார்கள். அண்ணன் முன்னால், அக்கா பின்னால், மடியில் இரண்டு சாப்பாட்டுப் பை.

அன்று அவர்கள் எட்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைந்தார்களாம். அண்ணனின் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும் என்று பரசுராமன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னா தாவீது, டிரைவர் லீவா?”

“ஒடுக்கத்துல கீறாங்கப்பா” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறார் அண்ணன். “எனக்குத்தான் தவக்காலம்.”

ஏரிக்கரை மேட்டில் அவர் இறங்கித் தள்ள, அக்கா கூடவே நடந்து வந்தாராம். எனக்கு அக்கா அதைச் சொல்லிச் சிரித்தார். கேரியரில் உட்கார்ந்து வருவது அவருக்குப் புதிதாக இருந்தது. “இந்த ரோட்ல இவ்ளோ பனமரம் கீதுன்னே எனக்குத் தெரியாது மதி. ஆறு வருசமா முன்னாடி சக்கரத்ததான் பாத்துகினு வந்துக்கீறேன்” என்றார்.

முதல் சில நாள் கால்கள் தானாகவே துடித்தனவாம். படுத்திருக்கும்போதுகூடப் பெடல் தேடினவாம். ஒரு வாரத்துக்குப் பிறகு அது அடங்கிவிட்டது. உடம்பில் எங்கும் வலி இல்லை. பலம் சேர்கிறது என்று அவர் நம்பினார்.

“எங்க ஊரு ஏரி மாதிரி வெச்சிக்கோ. மதகு மூடிக்கீது. தண்ணி ஏறிகினே கீது. பந்தயத்தன்னிக்கு மொத்தமா தொறந்து வுட்றேன் பாரு.”

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கம்பெனிக் கடிதங்களுக்குத் தவிர வேறு எதற்கும் என் இங்கிலீஷ் அதுவரை யாருக்கும் உதவியதில்லை. அக்காவின் வெற்றியில் எனக்கும் ஒரு சிறு பங்கு இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அண்ணன் மேட்டை இறங்காமல் ஏறிவிட்டார். பின்னாலிருந்து அக்கா கை தட்டினாராம்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, புது மிஷினின் பாகங்களை இறக்குவதற்காக அண்ணனை விடியற்காலையிலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா தனியாக சைக்கிளில் வர வேண்டியதாயிற்று. பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் சைக்கிள்மேல் ஏறினார்.

பத்து மணி டீ நேரத்தில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வருகிறவரே இல்லை. நான் எழுந்து வெளியே போனேன்.

“மேட்டுல எறங்கிட்டேன் மதி” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“ஏரிக்கர மேட்டுல. எறங்கித் தள்ளிகினு வந்தேன். பின்னாடி ஆளே இல்ல. ஆளோட ஏறின மேட்ட ஆளில்லாம ஏற முடில. கால் நல்லாதான் கீது. நெஞ்சு டமாரம் அடிக்குது, மூச்சு பத்தல.” சற்று நின்று, “சைக்கிள்லதான் ஏதோ கோளாறு” என்றார்.

மதியம் கொட்டகையில் அண்ணன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக் கட்டை எங்கும் உரசவில்லை. செயின் தொய்யவில்லை.

“வண்டிமேல ஒரு குத்தமும் இல்லம்மே. ஓட்றவதான் துரு புடிச்சிட்டா” என்றார்.

“நீங்க பன்னெண்டு நாளு மிதிச்ச மிதில எதனா தேஞ்சிருக்கும். நல்லா பாருங்க.”

“நான் மிதிச்சதுல நான்தான் தேஞ்சேன்.” கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மதிம்மா, அந்தப் பேப்பர்ல இன்னாதான் போட்டுக்கீது? இங்கிலீஷ்லயே படி.”

பக்கம் என் பையில்தான் இருந்தது. எடுத்துப் படித்தேன். கடைசி இரண்டு வார வரிக்கு வந்தேன். அந்த வார்த்தையைச் சொன்னேன்: “டேப்பர்.”

“இன்னா சொன்ன?”

“டேப்பர்.”

அண்ணன் லேத்துகள் இருக்கும் ஷாப்புக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் விரல் நீள இரும்பு ஊசி ஒன்று இருந்தது. ஒரு முனை பருமன். மறுமுனை அதைவிடக் கொஞ்சம் சன்னம். அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது டேப்பர் பின்னு. தெனம் நூறு கடையறேன். எந்த எடத்துலனா வெட்டு தெரியுதா பாரு. இந்த முனையிலேர்ந்து அந்த முன வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. பத்து மைலு ஓட்றவ எட்டு ஓட்டணும், அப்பறம் ஆறு, அப்பறம் நாலு. அதான் டேப்பர். ஒரேயடியா வெட்டி எடுத்தா அதுக்குப் பேரு பார்ட்டிங். நீங்க ரெண்டு பேரும் சேந்து பார்ட்டிங் பண்ணிட்டீங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அகராதி சொன்னதும் அதுதான். நுனி நோக்கி ஒடுங்குவது. நுனியை விட்டுவிட்டு ஒடுங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவள் நான்.

“தப்பு என்னுது அக்கா” என்றேன்.

அக்கா அந்த ஊசியை என் கையிலிருந்து எடுத்துப் பழக்கத்தில் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“நீ ஒரு வார்த்ததான் சொன்ன” என்றார். “அத்த கோயிலுக்குக் கொண்டுபோய் மெழுகுவத்தி ஏத்தினவ நானு.”

“வுடு, பன்னெண்டு நாள்ல இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றார் அண்ணன்.

“நீங்க பன்னெண்டே நாள்ல மேடு ஏறிட்டீங்களே. ஒங்களுக்கு ஏறும், எனக்கு மட்டும் எறங்காதா?”

அண்ணன் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் அக்கா படப்பைக்குப் போய் வந்தார். ஜெர்சி கடிகாரத்தைப் பார்த்து முப்பத்தாறு என்று எழுதினாள். எழுதிவிட்டு, “யம்மா, வழியில யாரோடனா பேசிகினு இருந்தியா?” என்று கேட்டாள். சனிக்கிழமை முப்பத்தைந்து. “அஞ்சு நிமிசம் எங்க போச்சுன்னே தெர்ல” என்று அக்கா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி சொன்னார்.

பந்தயத்தில் ஒன்பது பெண்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்கள் சைக்கிளில் நின்றவர் அக்கா ஒருவர்தான். பேக்கிங் பகுதியின் சின்னப்பொண்ணு, இருபது வயதுப் பெண், பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கும் சொந்த சைக்கிள் கிடையாது. பர்சனல் ஆபீசர் கோதண்டம் சார் கொடியசைத்தார். முடிவுக் கோட்டில் யார் முதலில், யார் இரண்டாவது என்று எழுதும் வேலை எனக்கு.

வழியில் நடந்ததை, இரவல் சைக்கிளில் கூடவே போன தாவீது அண்ணன் பிறகு சொன்னார். வல்லக்கோட்டை திருப்பத்தில் அக்காதான் முன்னால். பின்னால் வந்த சின்னப்பொண்ணுக்கும் அவருக்கும் நடுவே ஒரு லாரி நிற்கும் இடம் இருந்தது. திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ஒரகடத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமல் போயிற்று. அண்ணன் சத்தம் போட்டுப் பார்த்தாராம். அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

நான் கோட்டருகே நின்று பார்த்தபோது முதலில் தெரிந்தது சின்னப்பொண்ணின் மஞ்சள் தாவணி. அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள் நீளத்தில் அக்கா. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு சைக்கிள் நீளத்தை அக்காவால் கடக்க முடியவில்லை. இரண்டு என்று போட்டு அன்னபுஷ்பம் என்ற பெயரை என் கையாலேயே எழுதினேன்.

அக்கா வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். “கால் கேட்டுச்சி, மூச்சு கேக்கல” என்று மட்டும் சொன்னார். சின்னப்பொண்ணு ஓடிவந்து அவர் முன்னால் குந்தினாள்.

“யக்கா, ஒன் முதுகப் பாத்துகினேதான் வந்தேன். நீ இல்லன்னா நான் பாதியிலயே எறங்கியிருப்பேன்.”

“பாத்தியே, போதும். இப்ப தள்ளி குந்து, காத்து வரட்டும்” என்றார் அக்கா. பிறகு அவள் தலையில் கை வைத்து, “செயினுக்கு எண்ண போடு. ஒன் வண்டி கத்தற சத்தம் எனக்கு முன்னாடியே கேட்டுச்சி” என்றார்.

இரண்டாம் பரிசு ஓர் எவர்சில்வர் குடம். அண்ணன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

“இதுல குந்திகினு வேலைக்கு வரலாம்மே” என்றார்.

முதலில் சிரித்தவர் அக்காதான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, என் முழங்கையில் இடித்து, “நீயும் சிரியேன், காசா பணமா?” என்றார்.

ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்குச் சந்தனம் வைத்துப் பொரி கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அக்கா என்னோடு பஸ்ஸில் வந்தார். ஒன்பதாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட் முன்னால் நின்றோம். எனக்குத் திறந்தது. அவருக்குத் திறக்கக் கூடாது. டீ நேரத்தில்தான் விடலாம் என்பது விதி. பரசுராமன் அவரைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு ஸ்டூலை வெளியே தள்ளி வைத்தார். அக்கா அதில் உட்கார்ந்துகொண்டார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே நடந்தது. மாதத்தில் மூன்று நாள் அப்படி ஆனால் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். அதற்குப் பிறகு அநேகமாக வேலை போகும். அந்தக் கடிதத்தை டைப் செய்ய வேண்டியவள் நான்தான்.

செவ்வாய் மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு காலையிலும் அவர் சும்மா இருக்கவில்லை.

“இங்க பாரு மதி. அந்தப் புது மிஷின்ல ரெண்டு பேரு. காலையில இவரு, மதியத்துக்கு மேல சுப்பன். சுப்பன் வூடு இங்கயே ஒரகடத்துல. அவரு காலையில வரேன்னு ஒத்துக்கினாரு. அப்போ ஜெர்சி அப்பா ரெண்டு மணி ஷிஃப்டு. இன்ஸ்பெக்‌ஷன்ல ஆறு மணிக்கு ரெண்டு பொம்பளைங்க வர்றாங்க. அதுல ஒருத்தி என்னோட எட்டு மணிய எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டா. அப்போ எனக்கு ஆறு மணி.”

நான் இன்னும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சைக்கிள் ஒண்ணுதானே? காலையில நான் மிதிச்சிகினு வருவேன். இங்கயே வுட்டுட்டு ரெண்டரை பஸ்ல வூட்டுக்குப் பூடுவேன். அவரு ஜெர்சிய பள்ளிக்கூடத்துல வுட்டுட்டு மத்தியான பஸ்ல வருவாரு. ஷிஃப்டு முடிஞ்சா பஸ்ஸு கெடையாது, சைக்கிள எடுத்துகினு வருவாரு. ஒரு சைக்கிளு, ரெண்டு பேரு வேல. புள்ளையும் தனியா இருக்காது.”

“அண்ணன் ஒத்துக்கிட்டாரா?”

“பின்னாடி குந்திகினு தூங்க முடியாதேன்னு அழுவுறாரு. ஒத்துக்கினாரு.”

ஷிஃப்ட் மாற்றத்துக்கு அனுமதி கேட்டு கோதண்டம் சாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அக்கா சொல்லச் சொல்ல நேரே டைப் செய்தேன். சந்தேகம் வந்த ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, இப்படியா, அப்படியா என்று அவரிடமே கேட்டேன். முடிந்ததும் தமிழில் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். அண்ணனிடமும் சுப்பனிடமும் அந்தப் பெண்ணிடமும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார்.

கோதண்டம் சார் மேசையில் மரத்தட்டு ஒன்று உண்டு. கடிதங்களை நான் அதில் வைத்துவிட்டு, அவர் நிமிர்வதற்குள் வெளியே வந்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். தட்டில் விழுந்தவற்றை அவர் எடுத்துப் பார்க்க ஒரு வாரம் ஆகும், சில சமயம் பத்து நாள். அக்காவுக்கு மறுநாள் காலை மூன்றாவது நாள்.

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தட்டுல வெச்சிட்டு வந்துடாத மதி” என்றார். “கையில குடு. அவரு படிச்சி முடிக்கிற வரிக்கும் அங்கயே நில்லு.”